வீட்டுச் சாப்பாட்டின் சத்துக் கணக்கு: படமா, உரையாடலா, தராசா, பலசரக்குச் சிட்டையா?

கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தில் புரதம், கொழுப்பு, சர்க்கரை, சோடியம் என்று எல்லாவற்றுக்கும் அளவு அச்சிட்டிருக்கிறது. நாம் அன்றாடம் உண்ணும் சோற்றுக்கும் குழம்புக்கும் அப்படி ஒரு விவரம் எங்கும் கிடையாது. மருத்துவர் மாவுச்சத்தைக் குறைக்கவும் புரதத்தைக் கூட்டவும் சொல்லி அனுப்பிவிடுகிறார். இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றே தெரியாத வீட்டில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பது அடுப்படியில் நிற்பவரின் தலையில் வந்து விழுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான இன்டியாப் ஆய்வு, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. மதுரையில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் இந்த எண்ணை நம்புவதில் சிரமம் இருக்காது. ஆகவே, வீட்டுச் சமையலின் சத்துக்களைக் கணக்கிடுவது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

இதற்கு இன்று நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. தட்டைப் படம் எடுத்துக் கொடுத்தால் கலோரியைச் சொல்லும் செயலிகள் முதல் வழி. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற உரையாடல் செயலிகளிடம் சமையல் குறிப்பைச் சொல்லிக் கணக்குக் கேட்பது இரண்டாவது. சமையலறைத் தராசில் நிறுத்து, உணவுச் சத்து அட்டவணையை வைத்து நாமே கணக்கிடுவது மூன்றாவது. மாதப் பலசரக்குச் சிட்டையைக் கொண்டு வீட்டின் சராசரியைக் காண்பது நான்காவது. செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பிருந்தே நம் கையில் இருக்கும் இந்த வழியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதைப் பொறுத்தே தேர்வு அமையும் என்பது என் கருத்து.

படம் எடுக்கும் வழியில் உழைப்பு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஹெல்திஃபைமீ போன்ற இந்தியச் செயலிகளில் இந்த வசதி இருக்கிறது. பொதுவான உரையாடல் செயலிகளும் படத்தைப் பார்த்து இட்லி, தோசை, பொங்கல் என்று அடையாளம் சொல்லிவிடுகின்றன. எண்ணி விடக்கூடிய உணவுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். 4 இட்லி, 2 அவித்த முட்டை, 1 வாழைப்பழம் என்று தட்டில் இருந்தால், படத்தைப் பார்த்துச் சொல்லும் கணக்கு உண்மையிலிருந்து வெகுதூரம் போகாது. தட்டில் காய் என்று எதுவுமே இல்லை என்பதை ஒரு வாரப் படங்களைச் சேர்த்துப் பார்த்துச் சுட்டிக்காட்டவும் இந்தச் செயலிகளால் முடியும். எண்களைவிட அந்தக் கவனிப்பு பயனுள்ளது.

ஆனால் நம் மதிய உணவு அப்படிப்பட்டதன்று. இலையில் சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிவிட்டால், மேலிருந்து எடுத்த படத்தில் சோற்றின் ஆழமும் தெரியாது, குழம்பின் அளவும் தெரியாது. எவர்சில்வர் சொம்பில் இருக்கும் கம்மங்கூழ் எவ்வளவு தண்ணீர் விட்டுக் கரைத்தது என்பதைக் கரைத்தவர் மட்டுமே அறிவார். கெட்டியாக உருட்டிய ஓர் உருண்டையைச் சிறிது மோரில் கரைத்தாலும், சொம்பு நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தாலும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கேப்பைக் களியும் கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும் கரிய உருண்டைகளாகத்தான் தெரிகின்றன. உள்ளே இருக்கும் புரதமும் எண்ணெயும் சர்க்கரையும் முற்றிலும் வேறு. படத்தை எவ்வளவு துல்லியமான செயற்கை நுண்ணறிவு மாதிரி ஆராய்ந்தாலும், படத்தில் இல்லாத தகவலை அது அனுமானிக்கத்தான் வேண்டும்.

இந்த அனுமானம் எங்கே அதிகமாகத் தவறுகிறது என்பதைக் கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பை வைத்துப் பார்த்துவிடலாம். நால்வருக்கான குழம்பில் 400 கிராம் கத்தரிக்காய், 100 கிராம் சின்ன வெங்காயம், 100 கிராம் தக்காளி, 50 கிராம் தேங்காய், கொஞ்சம் புளி, மசாலாப் பொடி ஆகியவை சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவை அனைத்தும் சேர்ந்து சுமார் 450 கலோரிதான் வரும். (இக்கட்டுரையில் கலோரி என்று குறிப்பது வழக்கம்போல் கிலோ கலோரியையே.) இதில் நம் பக்கத்து வழக்கப்படி தாராளமாக 80 கிராம் நல்லெண்ணெய் ஊற்றினால், ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கில் எண்ணெய் மட்டுமே 720 கலோரி ஆகிறது. அதாவது குழம்பின் மொத்த ஆற்றலில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்து வருகிறது. செயலியோ வழக்கமான சமையல் குறிப்பை மனத்தில் கொண்டு 2 மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது ஏறத்தாழ 27 கிராம் என்று எடுத்துக்கொண்டால், மொத்தக் குழம்பில் சுமார் 480 கலோரியும், ஆளுக்கு 120 கலோரியும் விட்டுப்போகின்றன. ஆளுக்கு 30 கிராமுக்கு மேற்பட்ட அரிசியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கு இது சமம். எடையைக் குறைக்க முயலும் ஒருவர் நாள்தோறும் இப்படி விட்டுப்போன கணக்கை நம்பியிருந்தால், கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் ஏன் எடை இறங்கவில்லை என்று மனம் சோர்ந்துபோவார். அந்தச் சோர்வுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. குற்றம் அவருடைய மன உறுதியில் இல்லை, எண்ணெயைப் பார்க்க முடியாத கணக்கில் இருக்கிறது.

இரண்டாவது வழியான உரையாடலுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எண்ணெய் எவ்வளவு என்று நாமே சொல்லலாம். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம்; தட்டச்சு வராத அப்பத்தாகூடக் கைபேசியில் பேசியே கேட்கலாம். 'கால் கிலோ துவரம்பருப்பு, 3 முருங்கைக்காய், 2 தக்காளி, 20 கிராம் எண்ணெய் போட்டுச் சாம்பார் வைத்தேன், 5 பேர் சாப்பிட்டோம்' என்று சொன்னால், பொருள்வாரியாகப் பிரித்து, கூட்டி, வகுத்து, ஆளுக்கு எவ்வளவு புரதம் என்று சில நொடிகளில் தந்துவிடும். பருப்பின் அளவைக் கூட்டினால் என்ன ஆகும், தேங்காயைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று தொடர்ந்து கேட்கவும் முடிகிறது. இப்படி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வசதிக்காகவே இந்தக் கருவிகளை நான் மதிக்கிறேன்.

சிக்கல், அவை பயன்படுத்தும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. நாம் தனியாகக் கேட்காதவரை உரையாடல் செயலி பெரும்பாலும் ஓர் அட்டவணையைத் திறந்து பார்த்துப் படிப்பதில்லை. இணையத்திலும் நூல்களிலும் கற்ற பல்வேறு எண்களின் சாயலில் ஒரு விடையை உருவாக்குகிறது. அதனால் அமெரிக்க வேளாண் துறையின் தரவும், நம் நாட்டுப் பழைய அட்டவணையும், ஏதோ ஒரு விளம்பரத்தில் வந்த எண்ணும் ஒரே பதிலில் கலந்து வரக்கூடும். முருங்கைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பச்சை இலையில் சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம் என்று பழைய இந்திய அட்டவணை சொன்னது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணை 314 என்று சொல்கிறது. காயவைத்து அரைத்த முருங்கைப் பொடிக்கோ இதைவிடப் பல மடங்கு பெரிய எண் வரும், ஏனெனில் இலையின் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. இந்த மூன்றில் எதைச் செயலி எடுத்துக்கொண்டது என்று நமக்குத் தெரியாது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் ஓர் அட்டவணையின் பெயரைச் சொல்லும். அந்த அட்டவணையில் அந்த எண் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. எண்ணை நாம் கொடுத்துவிட்டு, கணக்கை மட்டும் அதனிடம் விட்டுவிட வேண்டும். மேலே சொன்ன 2017ஆம் ஆண்டு அட்டவணை 528 உணவுப் பொருள்களுக்கு விரிவான பகுப்பாய்வைத் தருகிறது. அதை வெளியிட்ட நிறுவனம் இன்று ஐதராபாத்தில் இருந்தாலும், 1918இல் இராபர்ட் மெக்காரிசனின் சிறு ஆய்வுக்கூடமாக நம் குன்னூரில்தான் தொடங்கியது. 1958இல்தான் அங்கிருந்து இடம் மாறியது. அந்த அட்டவணையிலிருந்து நம் வீட்டில் அடிக்கடி புழங்கும் முப்பது, நாற்பது பொருள்களை மட்டும் ஒரு தாளிலோ எக்செல் கோப்பிலோ எழுதி வைத்துக்கொண்டால் போதும். பச்சரிசி 100 கிராமுக்கு 356 கலோரி, புரதம் 7.9 கிராம், துவரம்பருப்பில் புரதம் 21.7 கிராம், உளுத்தம்பருப்பில் 23 கிராம், கேழ்வரகில் புரதம் 7.2 கிராம்தான், ஆனால் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம் என்று பட்டியல் வளரும். இந்தப் பட்டியலை உரையாடலின் தொடக்கத்திலேயே ஒட்டி, இதில் உள்ள எண்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இல்லாத பொருளுக்கு எண்ணை ஊகிக்காமல் என்னிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், விடையின் நம்பகத்தன்மை வெகுவாக உயர்கிறது. இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் இப்படி இணைப்பதே என் முதன்மையான பரிந்துரை.

அட்டவணையில் பெரும்பாலும் சமைக்காத பொருள்கள்தாம் இருக்கின்றன. இட்லி என்றோ சாம்பார் என்றோ தேடினால் கிடைக்காது. ஆகவே நிறுப்பதை அடுப்பேற்றுவதற்கு முன் செய்ய வேண்டும். இட்லி மாவுக்கு 800 கிராம் இட்லி அரிசியும் 200 கிராம் உளுந்தும் ஊறப்போட்டால், மொத்தம் சுமார் 3,450 கலோரி, 108 கிராம் புரதம். அந்த மாவில் 60 இட்லி வந்தால் ஒரு இட்லிக்கு 58 கலோரியும் 1.8 கிராம் புரதமும் ஆகின்றன. ஒருமுறை எண்ணிவிட்டால், அதே கொப்பரையும் அதே தட்டும் இருக்கும்வரை அந்தக் கணக்கு மாறப்போவதில்லை. குழம்புக்கு இன்னும் ஒரு படி வேண்டும். வெறும் சட்டியின் எடையை முன்பே குறித்து வைத்துவிட்டு, குழம்பு இறக்கியபின் சட்டியோடு நிறுத்துக் கழிக்க வேண்டும். முன்னர் சொன்ன கத்தரிக்காய்க் குழம்பு 1,100 கிராம் தேறினால், 1,170 கலோரியை அதனால் வகுக்கும்போது கிராமுக்கு 1.06 கலோரி கிடைக்கிறது. 80 கிராம் பிடிக்கும் குழிக்கரண்டியால் ஒரு கரண்டி ஊற்றினால் 85 கலோரி. வடை, அப்பளம் போன்றவற்றைப் பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டியை முன்னும் பின்னும் நிறுத்தால் போதும். குறைந்த எடை ஏறத்தாழ பலகாரம் குடித்த எண்ணெய்.

கிராமில் நிறுப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசி என்று சொன்னால் செயலி பெரும்பாலும் 240 மில்லி கொள்ளும் அயல்நாட்டுக் கோப்பையை நினைத்துக்கொள்ளும். நம் வீட்டு டம்ளரோ 150 மில்லியாகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரிலும் பருப்பு அளக்கும் ஆழாக்கிலும் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒரே ஒருமுறை நிறுத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால், பிறகு சமைப்பவர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சமைப்பவரின் மீது புதிய சுமையை ஏற்றும் எந்த முறையும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்காது என்பதால் இது முக்கியம். கஞ்சி வடித்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதியும், அரிசி களையும்போதும் வடிக்கும்போதும் தயமின் போன்ற நீரில் கரையும் உயிர்ச்சத்துகளும் வெளியேறுகின்றன என்பதையும் உரையாடலில் குறிப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் குக்கரில் வைத்த சோறாகவே அது எடுத்துக்கொள்ளும்.

இனி, பலசரக்குச் சிட்டை. ஒவ்வொரு வேளையையும் நிறுக்க முடியாத வீடுகளே அதிகம். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். கீழமாசி வீதியிலோ தெருமுனைக் கடையிலோ மாதம் ஒருமுறை சாமான் வாங்கும் குடும்பத்திடம் அந்தச் சிட்டை இருக்கிறது. நால்வர் உள்ள வீட்டில் ஒரு மாதத்துக்கு, 4 பேரை 30 நாளால் பெருக்கினால், 120 ஆள்-நாள்கள். 1 கிலோ உப்புப் பொட்டலம் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம், உலக நலவாழ்வு அமைப்பு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. தட்டைப் படம் எடுக்கும் எந்தச் செயலியாலும் இந்த உண்மையைச் சொல்ல முடியாது, ஏனெனில் உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

எண்ணெய்க்கும் பருப்புக்கும் இதே முறைதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகைகளும் முட்டையும் மாமிசமும் சேர்ந்து 85 கிராம், எண்ணெய் 27 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று வகுத்திருக்கிறார்கள். நால்வர் வீட்டுக்கு ஒரு மாதக் கணக்காக இதைப் பெருக்கிப் பார்த்தால் தானியம் 30 கிலோ, பருப்பும் அதைச் சேர்ந்தவையும் சுமார் 10 கிலோ, எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். இப்போது உங்கள் சிட்டையை எடுத்துப் பாருங்கள். அரிசியும் இட்லி அரிசியும் ரவையும் கோதுமை மாவும் சேர்ந்து 40 கிலோவைத் தொட்டு, துவரையும் உளுந்தும் பாசிப்பருப்பும் கடலையும் சேர்ந்து 5 கிலோவில் நின்றால், குறை எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு ஆய்வு வேண்டாம். மாமிசமும் முட்டையும் மீனும் சமைக்கும் வீட்டார் அவற்றின் எடையையும் பருப்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெல்பேட்டையில் மீனோ ஒரு கிலோ ஆட்டுக்கறியோ வாங்கும் வீட்டில், மற்ற ஆறு நாள்களின் புரதத்தைப் பருப்புதான் சுமக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த வழிக்கும் வரம்பு உண்டு. வெளியே சாப்பிட்டது இதில் வராது. விருந்தினர், வீணானது, ஊறுகாய்க்குப் போட்ட உப்பு, பொரித்தபின் கொட்டிய எண்ணெய் எல்லாம் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும். அதைவிடப் பெரிய குறை, வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை இது சொல்லாது. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் குழம்பு இருக்கும், குழம்பிலிருந்த பருப்போ கறியோ இருக்காது. வீட்டுச் சராசரி நன்றாக இருந்தும் அந்த வீட்டின் தாய்க்கு இரத்தச்சோகை இருப்பது நம் ஊரில் புதிய செய்தி இல்லை. அவருடைய தட்டுக்கென்று தனியாக ஒரு வாரமாவது நிறுத்துக் கணக்கிடுவது, மற்ற எவருடைய கணக்கையும்விட அவசியம் என்று நான் கருதுகிறேன்.

இரும்புச்சத்தைப் பற்றிப் பேசும்போது எண்களின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை குறிப்பிடுகிறது. செயலி கூட்டித் தரும் தொகை அதை எட்டிவிட்டாலும், உடலில் சேர்வது வேறு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதை இன்னும் தடுக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றின் வைட்டமின் சி அதைக் கூட்டுகிறது. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடைசெய்யும் பைட்டிக் அமிலம் புளிக்கவைத்த மாவில் குறைகிறது. இவற்றை உரையாடல் செயலியிடம் கேட்டால் நன்றாகவே விளக்குகிறது. எண்ணைவிட விளக்கத்தில் அது திறமையானது என்பதை இங்கே காணலாம்.

எனவே தேர்வைக் குடும்பத்தின் நிலைக்கேற்ப இப்படி அமைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட நோய் எதுவும் இல்லாமல், பொதுவாக நல்ல உணவுக்கு மாற விரும்பும் வீட்டுக்குச் சிட்டைக் கணக்கே போதும். அதற்குச் செயலி தேவையில்லை, வேண்டுமானால் சிட்டையைப் படம் எடுத்துக் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். அச்சிட்ட எண்களைப் படிப்பதில் படம் பார்க்கும் திறன் சோற்றைப் பார்ப்பதைவிட நன்றாகப் பயன்படுகிறது, என்றாலும் கிறுக்கலான கையெழுத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எடையைக் குறைக்க முயல்பவர், உடற்பயிற்சி செய்து புரதத்தைக் கவனிப்பவர், நீரிழிவின் தொடக்க நிலையில் இருப்பவர் ஆகியோர் தராசும் உரையாடலும் சேர்ந்த வழியைக் கைக்கொள்ள வேண்டும். வீட்டில் திரும்பத் திரும்பச் செய்யும் பதினைந்து, இருபது பண்டங்களை ஒருமுறை கணக்கிட்டு எழுதிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். விடுதியிலும் வேலையிடத்திலும் சாப்பிடுபவருக்குப் படச்செயலியைத் தவிர வேறு வழி இல்லை. அவர் அதன் எண்ணை நம்புவதைவிட, இந்த வாரம் சென்ற வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதற்குப் பயன்படுத்தலாம். எந்தச் செயலியிலும் பெயர், நோய் விவரம், மருத்துவமனை அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்காமல், உணவை மட்டும் கொடுப்பது நல்லது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு இந்த நான்கு வழிகளில் எதுவும் தனியாகப் போதாது. மாவுச்சத்துக் கணக்கு 20 கிராம் தவறினால் மற்றவருக்கு ஒன்றும் ஆகாது. அதை நம்பி இன்சுலின் அளவைத் தாமே மாற்றிக்கொள்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சிறுநீரக நோயில் பொட்டாசியம் எவ்வளவு போகலாம் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையிலோ வேறு மருத்துவமனையிலோ உணவியல் வல்லுநரைப் பார்க்கப் போகும்போது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்வதற்குப் பதிலாக, ஒரு வாரம் நிறுத்து எழுதிய தாளையும், கடந்த இரண்டு மாதச் சிட்டையையும், எந்த எண்ணை எந்த அட்டவணையிலிருந்து எடுத்தோம் என்ற குறிப்பையும் கையில் கொண்டுபோக வேண்டும். வெளியே வரிசை நீண்டிருக்கும் வேளையில் அவர் நமக்கு ஒதுக்கும் சில நிமிடங்கள், சாப்பாட்டை ஊகிப்பதில் கழியாமல் அதை மாற்றுவதில் செலவாகும்.